தறிக்கூலியை எந்தக் கட்டத்தில் போடுவது?

வருமான வரி என்ற வார்த்தையைப் பார்த்ததும் ஓடிவிடாதீர்கள் நண்பர்களே. பி.காம். படிக்கிறவன் எழுதுகிறேன் என்பதற்காகப் பாடம் நடத்தப் போவதில்லை :)

எங்கள் வகுப்பில் வருமான வரி என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் வருகிற ஆசாமிகள் எல்லோருக்கும் 'திரு. எக்ஸ்' என்றுதான் பெயர். சம்பளம் வாங்குவார், வீட்டை வாடகைக்கு விடுவார், பங்குகளை விற்று லாபம் பார்ப்பார். ஒரு திரு. எக்ஸ் கூடத் தறியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் நான் இருப்பது ஆரணி. கமண்டல நாகநதிக் கரையில், திருவண்ணாமலை மாவட்டத்தில், பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கூட இருக்கிறது. எங்கள் தெருவில் பத்து வீட்டுக்கு ஆறு வீட்டில் தறிச் சத்தம் கேட்கும். அந்த ஆறு வீட்டுத் திரு. எக்ஸ்களும் வரித் தாக்கல் செய்ய வேண்டி வந்தால் என்ன செய்வார்கள்? வீட்டிலிருந்தே செய்துகொள்ள ஏகப்பட்ட மென்பொருள்கள் இருக்கின்றனவே, அதில் எதை எடுப்பார்கள்? இதுதான் விஷயம்.

எங்கள் வீட்டுக்கு இந்தக் கேள்வி வந்தது 2025 ஆகஸ்ட்டில். தம்பிக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. கல்விக்கடனுக்குப் போன இடத்தில், "அப்பாவோட ஐ.டி. ரிட்டர்ன் இருக்கா?" என்று கேட்டார்கள். அப்பா வாழ்நாளில் தாக்கல் செய்ததில்லை. செய்ய வேண்டிய கட்டாயமும் இருந்ததில்லை. 2024-25 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் 3 லட்சம் வரை வரியே கிடையாது, 7 லட்சம் வரை தள்ளுபடி. எங்கள் வருமானத்துக்கு இதெல்லாம் எட்டாத உயரம். ஆனால் வரி இல்லை என்பது வேறு, 'இவர் இவ்வளவு சம்பாதிக்கிறார்' என்று காட்ட ஒரு காகிதம் இல்லை என்பது வேறு. இரண்டாவதுதான் எங்களுக்கு வந்த சிக்கல்.

சரி, செய்துவிடுவோம் என்று அப்பாவின் பான் எண்ணை வைத்து வருமான வரித் தளத்தில் பதிவு செய்தேன். அங்கே 26ஏ.எஸ்., ஏ.ஐ.எஸ். என்று இரண்டு அறிக்கைகள் உண்டு. நம் பான் எண்ணுக்கு எதிராக யார் எவ்வளவு கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்கள், எவ்வளவு வரி பிடித்திருக்கிறார்கள் என்று அதில் வரும். ஏ.ஐ.எஸ். வந்தது 2021 நவம்பரில். தாக்கல் செய்கிறோமோ இல்லையோ, எல்லோரும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டிய பக்கம் அது. திறந்தால் ஒரு ஆச்சரியம். அப்பாவுக்கு ஜவுளி முதலாளி கொடுத்த தொகை 6,12,000. பிடித்த வரி 6,120.

பயப்பட ஒன்றுமில்லை, இது எப்படி என்று சொல்கிறேன். முதலாளி பட்டு நூலும் சரிகையும் கொடுப்பார். நாம் நெய்து சேலையாகக் கொடுக்கிறோம், அவர் கூலி தருகிறார். சட்டத்தின் பார்வையில் இது ஒப்பந்த வேலை. கணக்குத் தணிக்கைக்கு உட்பட்ட வியாபாரி என்றால், ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேலோ, வருடத்தில் மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேலோ தனி ஆளுக்குக் கூலி கொடுக்கும்போது 194 சி பிரிவின்படி 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். கட்டியிருக்கிறார். அது நம் பணம். தாக்கல் செய்தால்தான் திரும்பி வரும்.

ஆனால் 6,12,000 என்ற எண்ணைப் பார்த்து அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாடா இது, நான் அவ்ளோ பெரிய ஆளா?" என்றார். விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் கூலிக்கு ஒருவர். அக்கம்பக்கத்தில் மூன்று தறிகள் அதே முதலாளிக்கு நெய்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புவதற்குப் பதில், ஐந்து தறிக் கூலியையும் அப்பாவின் வங்கிக் கணக்கில் போட்டுவிடுவார் முதலாளி. அப்பா எடுத்துப் பிரித்துக் கொடுப்பார். ஒரு ரூபாய் கமிஷன் கிடையாது. நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார்.

நோட்டை வைத்து நானும் அப்பாவும் போட்ட கணக்கு:

மொத்தம் வந்தது: 6,12,000
பக்கத்து மூன்று தறிகளுக்குக் கொடுத்தது: 3,24,000
எங்கள் இரண்டாவது தறிக்காரருக்குக் கொடுத்தது: 1,02,000
தார் சுற்ற, பாவு பிணைக்க, தறி ரிப்பேர், கரண்ட்: 18,000
வீட்டுக்கு மிஞ்சியது: 1,68,000

அதாவது மாதம் 14,000. இந்த ஐந்து வரிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மென்பொருள்களைப் பார்ப்போம். அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினிதான் நம் ஆய்வுக்கூடம்.

1. துறையின் தளத்தில் நேரடியாக

இப்போதுள்ள தளம் 2021 ஜூன் 7 அன்று திறக்கப்பட்டது. செய்து கொடுத்தது இன்ஃபோசிஸ். ஆரம்பத்தில் ஏகப்பட்ட கோளாறு. அந்த ஆகஸ்ட்டில் இன்ஃபோசிஸ் தலைமை அதிகாரியையே நிதி அமைச்சகம் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. அந்த வருடம் கடைசித் தேதி டிசம்பர் 31 வரை போனது. இப்போது எவ்வளவோ தேவலை. காசு கிடையாது. பிடித்த வரி விவரம் தானாக வந்து உட்காரும். எதுவும் நிறுவ வேண்டாம். ஆனால் கேள்விகள் சட்டப் புத்தக மொழியில் இருக்கும், உதவிக்கு ஆள் இல்லை. கடைசி நாள் நெருங்கினால் தளம் தவழும். 2025-ல் ஜூலை 31 என்று இருந்த தேதி செப்டம்பர் 15 ஆகி, பிறகு ஒரு நாள் நீண்டு 16 ஆனது ஞாபகம் இருக்கலாம்.

2. துறையே கொடுக்கும் ஆஃப்லைன் மென்பொருள்

இதில் இரண்டு வகை. ஒன்று எக்செல் கோப்பு, மற்றது கணினியில் நிறுவிக்கொள்ளும் பொது மென்பொருள். இரண்டும் இலவசம். இணையம் இல்லாமல் நிதானமாக நிரப்பி, ஜேசன் என்ற கோப்பாக மாற்றி, தளத்தில் ஏற்றலாம். வேண்டுமானால் அந்தக் கோப்பைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம். எக்செல் கோப்புக்குள் மேக்ரோ ஓட வேண்டும், அதற்கு அசல் எக்செல் வேண்டும். நம் மடிக்கணினியில் இருந்தது காலாவதியான எக்செல். அந்த வழி அடைபட்டது. மற்றது நன்றாகவே ஓடியது.

3. தனியார் தளங்கள்

கிளியர்டேக்ஸ் (2011-ல் தொடங்கியது), டேக்ஸ்ஸ்பேனர் போன்றவை. இதில் பல, துறையிடம் இடைத்தரகராகப் பதிவு செய்துகொண்டவை. நீங்கள் ஓ.டி.பி. மூலம் அனுமதி கொடுத்தால் உங்கள் சார்பில் தாக்கல் செய்யும். பார்க்க அழகு, எளிய கேள்விகள், ஆள் வைத்துச் செய்ய வேண்டுமானால் தனிக் கட்டணம். சம்பளக்காரர்களுக்கு நிஜமாகவே வசதி. ஃபாரம் 16-ஐ ஏற்றினால் பாதி வேலை முடிந்தது.

4. ஆடிட்டர் ஆபீஸ் மென்பொருள்

வின்மேன், கம்ப்யூடேக்ஸ் மாதிரி. நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை வைத்திருப்பவர்களுக்கானது. ஒரு அப்பாவுக்காக வாங்குவது, ஒரு கறிவேப்பிலைக் கொத்துக்குத் தோட்டம் வாங்குவது போல. விட்டுவிடுவோம்.

5. தெருமுனை பிரவுசிங் சென்டர்

இது மென்பொருளே இல்லையே என்கிறீர்களா? எங்கள் ஊரில் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் உண்மையான போட்டி இதுதான். ஆதாரையும் பான் கார்டையும் கொடுத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் முடித்துக் கொடுப்பார்கள்.

இனிதான் கதை.

ஒரு தனியார் தளத்தில் (பெயர் வேண்டாம்) முதலில் கேட்ட கேள்வி: நீங்கள் சம்பளக்காரரா, தொழில் செய்பவரா, ஃப்ரீலான்ஸரா, முதலீட்டாளரா? பக்கத்தில் அழகழகான படங்கள். டை கட்டியவர், கடைக்காரர், லேப்டாப்போடு ஒரு பெண். தறி இல்லை. சம்பளமா என்றால், ஃபாரம் 16 இல்லை, பி.எஃப். இல்லை, விடுப்பு இல்லை. தறி நம்முடையது, வேலை நேரம் நம்முடையது. தொழிலா என்றால், முதல் போட்டு வாங்கி விற்பதில்லை. நூல் கூட நம்முடையது இல்லை. வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்வது சட்டப்படி தொழில் வருமானம்தான், சம்பளம் இல்லை. இதை மென்பொருள் சொல்லவில்லை. எங்கள் காலேஜில் வரிப்பாடம் எடுக்கும் சாரைக் கேட்டுத்தான் உறுதி செய்துகொண்டேன். ஆக, படிவம் ஐ.டி.ஆர்.-4, அதற்குச் 'சுகம்' என்று பெயர். (பெயர் வைத்தவர் நிரப்பிப் பார்த்தாரா தெரியவில்லை.)

சுகம் படிவத்தின் உயிர் 44 ஏ.டி. என்ற பிரிவு. சிறு தொழில் செய்பவர் முழுக் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டாம். மொத்த வரவில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததென்றால் 6 சதவீதம், லாபம் என்று காட்டினால் போதும். நல்ல ஏற்பாடுதான். அந்தத் தளம் 6,12,000-ஐ எடுத்துக்கொண்டு, 6 சதவீதம் கணக்குப் போட்டு, நாங்கள் கேட்காமலேயே 36,720 என்று வருமானக் கட்டத்தை நிரப்பிவிட்டது. கீழே பச்சை எழுத்தில், உங்கள் வரி பூஜ்யம் என்று வாழ்த்து.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "வருஷத்துக்கு முப்பத்தாறாயிரமா? மாசம் மூவாயிரத்துல இந்த வீடு நடக்குதா? பேங்க்ல கேட்டா இன்னான்னு சொல்றது?" என்றார்.

அதே வாரத்தில் பிரவுசிங் சென்டரில் விசாரித்தபோது வேறு யோசனை சொன்னார்கள். "லோனுக்குத்தானே? நாலு தொண்ணூறு போட்டுடலாம் தம்பி. வரியும் வராது, பேங்க்ல உடனே பாஸ் ஆயிடும்." நாலு தொண்ணூறு என்றால் 4,90,000. எங்கிருந்து வந்தது அந்த எண்? எங்கிருந்தும் இல்லை. கடனுக்கு வருகிற எல்லோருக்கும் ஏறக்குறைய அதே எண்தானாம்.

சொந்தக்காரர் ஒருவர் மூன்றாவது யோசனை சொன்னார். "குறைச்சுக் காட்டுங்க. வட்டி மானியம் கிடைக்கும்ல?" அவர் சொன்னதிலும் அர்த்தம் இருக்கிறது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியான படிப்புகளுக்கு, படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஒரு வருடத்துக்கும் கல்விக்கடன் வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. இங்கேதான் பிரவுசிங் சென்டரின் 4,90,000 எவ்வளவு ஆபத்து என்று புரியும். கடன் சீக்கிரம் கிடைக்கலாம். ஆனால் தம்பியின் நான்கு வருட வட்டி மானியத்துக்கு அதே காகிதம் எதிர்ச்சாட்சி சொல்லும். தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழில் ஒரு எண், ரிட்டர்னில் ஒரு எண் என்று இருந்தால், எது உண்மை என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது?

ஆக, ஒரே தறிக்கு மூன்று வருமானம். மென்பொருள் சொன்னது 36,720. சென்டர் சொன்னது 4,90,000. நோட்டு சொன்னது 1,68,000. மூன்றிலும் வரி பூஜ்யம்தான், வேடிக்கை! வரி ஒன்றேதான் என்பதால் மூன்றும் ஒன்றே என்று மென்பொருள் நினைக்கிறது. ஆனால் நமக்கு இது வரிக் கணக்கு மட்டும் இல்லை. அப்பா எவ்வளவு உழைத்து எவ்வளவு வாங்குகிறார் என்பதற்கு அரசு ஆவணத்தில் முதல் முதலாக ஏறப்போகும் எண். தம்பியின் கடன் அதன்மேல்தான் நிற்கிறது.

துறையின் படிவத்தை நிதானமாகப் படித்தபோதுதான் விடை கிடைத்தது. அந்தக் கட்டத்தின் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது: 6 சதவீதம், அல்லது ஈட்டியதாகச் சொல்லும் தொகை, எது அதிகமோ அது. அதாவது 6 சதவீதம் என்பது தரை. அதற்குக் கீழே போனால்தான் கணக்குப் புத்தகம், தணிக்கை என்று தொல்லை வரலாம். மேலே எவ்வளவு உண்மையோ அவ்வளவு போடலாம். போட வேண்டும் என்றே சொல்வேன். தனியார் தளத்திலும் அந்த எண்ணை மாற்ற முடியும். ஆனால் அதற்கு இன்னொரு திரையைத் தேடிப் போக வேண்டும், மாற்றினால் நிச்சயமாகத்தானா என்று இரண்டு தடவை கேட்கும். வரியைக் குறைப்பதுதான் மனிதனின் ஒரே ஆசை என்று நினைத்து எழுதப்பட்ட மென்பொருள் அது.

அடுத்த சந்தேகம். மொத்த வரவு 6,12,000 என்று போடுவதா, பக்கத்துத் தறிக்காரர்களின் பணத்தைக் கழித்துவிட்டு 2,88,000 என்று போடுவதா? சார் சொன்னது: வரி பிடித்தது 6,12,000-க்கு. அந்த 6,120 முழுவதையும் திரும்பக் கேட்டுவிட்டு, வரவை மட்டும் பாதியாகக் காட்டினால், குறைபாடுள்ள ரிட்டர்ன் என்று நோட்டீஸ் வர வாய்ப்புண்டு. மொத்த வரவு 6,12,000 என்றே காட்டு. லாபம் 1,68,000 என்று காட்டு. நடுவில் போனது யாருக்கு என்பதற்கு நோட்டைப் பத்திரமாக வை. பொய்யும் இல்லை, குழப்பமும் இல்லை. அப்பா கமிஷன் வாங்குகிறவராக இருந்திருந்தால் கதையே வேறு. கமிஷன், தரகு வருமானத்துக்கு 44 ஏ.டி. பொருந்தாது. ஊரில் நூலை வாங்கிப் பல தறிகளுக்குக் கொடுத்துக் கமிஷன் எடுப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

இன்னும் சில கட்டங்களையும் சொல்லிவிடுகிறேன், தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவும்.

சரக்கு இருப்பு எவ்வளவு என்று கேட்கும். மார்ச் 31 அன்று தறியில் பாதிச் சேலை இருந்தது. அதில் இருந்த பட்டும் சரிகையும் பல ஆயிரம் பெறும். ஆனால் அது முதலாளியின் நூல், நம் சரக்கு இல்லை. எனவே பூஜ்யம். கடன்பட்டவர்கள் என்ற கட்டத்தில், நெய்து கொடுத்துவிட்டு மார்ச் கடைசியில் வராமல் நின்ற கூலி இருந்தால் அது வரும். கையிருப்பு ரொக்கம் என்ற கட்டத்தில் அன்று வீட்டில் இருந்ததைப் போட வேண்டும். "அத்தக்கூடவா கேக்குது?" என்றார் அப்பா.

அப்புறம் நம் தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி: இனிஷியல். பான் கார்டுக்குக் குடும்பப் பெயர் கட்டாயம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? தாத்தா பெயர் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். வங்கியில் வெறும் இனிஷியல் இருக்கும். பணம் திரும்பி வரவேண்டிய வங்கிக் கணக்கை முன்கூட்டியே தளத்தில் சரிபார்க்க வேண்டும். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நிற்கும். எங்களுக்கு வங்கிக்கு இரண்டு நடை ஆனது. எந்த மென்பொருளை எடுத்தாலும் இந்த வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.

பழைய வரி முறையா, புதிய வரி முறையா என்று தனியார் தளம் பெரிய ஒப்பீட்டு அட்டவணை போட்டுக் காட்டியது. பிரீமியம் கட்டுங்கள், ஃபண்டில் போடுங்கள் என்று யோசனை வேறு. 1,68,000 வருமானத்துக்கு இரண்டு முறையிலும் வரி இல்லை. நமக்கு அந்த அட்டவணை தேவையே இல்லை. இன்னொரு விஷயம், அங்கே மொபைல் எண் கொடுத்த மறுநாளிலிருந்து பர்சனல் லோன் வேண்டுமா என்று அப்பாவுக்கு அழைப்புகள். ஏன் வருகிறது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் இலவசம் என்று எழுதியிருந்தால் எங்கே சம்பாதிக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் வீட்டிலிருந்து வரித் தாக்கல் என்றால் டர்போடேக்ஸ்தான் பெரிய பெயர். இலவசம் என்று விளம்பரம் செய்துவிட்டு, இலவசமாகவே செய்துகொள்ளத் தகுதியுள்ள ஏழைகளிடம் காசு வாங்கியதாக மாநிலங்கள் புகார் சொன்னதில், அதை நடத்தும் இன்ட்யூட் நிறுவனம் 2022-ல் 14.1 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அங்கே அரசே நேரடியாக ஒரு இலவச மென்பொருளை 2024-ல் 12 மாநிலங்களில் சோதித்தது, 2025-ல் 25 மாநிலங்களுக்குக் கொண்டுபோனது, 2026-க்கு இல்லை என்று கைவிட்டுவிட்டது. அங்கே இல்லாமல் போன ஒன்று இங்கே நமக்குச் சும்மா கிடைக்கிறது. இதே இன்ட்யூட்டின் குவிக்புக்ஸ் கணக்கு மென்பொருள் 2023-ல் இந்தியாவை விட்டே போய்விட்டது. தனியார் மென்பொருளில் எதைச் செய்தாலும் ஒரு பிரதியை நம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

நாங்கள் எடுத்தது துறையின் தளத்தையே. நிறுவிக்கொள்ளும் மென்பொருளில் முதலில் நிரப்பிப் பழகிப் பார்த்துவிட்டு, பிறகு தளத்தில் நேரடியாகச் செய்தோம். அழகு குறைவு, எளிமை குறைவு. ஆனால் அப்பா கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அதில் பதில் சொல்ல முடிந்தது. ஆறு லட்சம் எங்கிருந்து வந்தது என்று ஏ.ஐ.எஸ்.-ஐக் காட்ட முடிந்தது. ஒன்று அறுபத்தெட்டு எங்கிருந்து வந்தது என்று நோட்டைக் காட்ட முடிந்தது. நடுவில் மென்பொருள் தானாகப் போட்ட எண் ஒன்றுகூட இல்லை.

இதுதான் நான் கண்ட ஒரே அளவுகோல். எந்த மென்பொருளாக இருந்தாலும், கடைசித் திரையில் ஒரு உறுதிமொழி வரும். இன்னாரின் மகனாகிய நான், எனக்குத் தெரிந்தவரை இவை உண்மை என்று உறுதி கூறுகிறேன் என்று. அதில் மென்பொருளின் பெயர் வராது, பிரவுசிங் சென்டரின் பெயர் வராது, என் பெயரும் வராது. ஆதாரோடு இணைந்த அப்பாவின் போனுக்கு ஓ.டி.பி. வரும், அந்த ஆறு இலக்கம்தான் கையெழுத்து. ஒரு காலத்தில் தாளில் கையெழுத்துப் போட்டு பெங்களூருக்குத் தபாலில் அனுப்பினார்கள். 2015-லிருந்து ஓ.டி.பி. போதும். தாளில் கையெழுத்துப் போடுமுன் அப்பா நாலு தடவை கேட்பார். ஓ.டி.பி. என்றால் யார் கேட்டாலும் எடுத்துச் சொல்லிவிடுகிறார்கள். எனவே, கையெழுத்துப் போடுகிறவருக்கு அவருடைய மொழியில் ஒவ்வொரு எண்ணையும் விளக்க முடிகிற மென்பொருள் எதுவோ, அதுதான் நல்ல மென்பொருள். சம்பளக்காரர் வீட்டுக்கு அது தனியார் தளமாக இருக்கலாம். எங்கள் வீட்டுக்கு அது அரசுத் தளம்.

பதினெட்டாவது நாள் 6,120 ரூபாய் கணக்கில் வந்தது. பிடித்தது ஐந்து தறிக்கும் சேர்த்து. அப்பா அதையும் கூலி விகிதப்படி பிரித்துக் கொடுத்துவிட்டார். அப்போதுதான் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் கேட்டார்: "எம் பொண்ணு ப்ளஸ் டூ. அடுத்த வருஷம் லோன் கேட்டா நான் எத்தக் காட்டுவேன்?" அவர் வருடம் முழுவதும் நெய்த கூலி அரசுக் கணக்கில் அப்பாவின் பான் எண்ணில் இருக்கிறது. அவர் பெயரில் ஒரு ரூபாய் இல்லை. இதற்கு எந்த மென்பொருளும் வழி சொல்லாது. இனிமேல் ஒவ்வொரு தறிக்கும் அவரவர் கணக்கிலேயே கூலியைப் போடுங்கள் என்று அப்பா முதலாளியிடம் பேசியிருக்கிறார். சரி என்றிருக்கிறார், பார்ப்போம். அது நடந்தால் எங்கள் தெருவில் நான்கு ரிட்டர்ன் நிரப்ப வேண்டியிருக்கும். மடிக்கணினி தயார், ஆளும் தயார் :)

டிஸ்கி 1: நான் ஆடிட்டர் இல்லை, ஆகப்போகிறேனா என்பதும் சந்தேகம். உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும். சந்தேகம் இருந்தால் விவரம் தெரிந்தவரைக் கேளுங்கள், கேட்பதற்குக் காசு ஆனாலும் பரவாயில்லை.

டிஸ்கி 2: மேலே சொன்ன பிரிவு எண்கள் எல்லாம் 1961-ஆம் வருடச் சட்டத்தில் உள்ளவை, தொகைகள் 2024-25 நிதியாண்டுக்கானவை. 2025-ல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 அமல் தேதி. அதில் எண்கள் வேறு. எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். தாக்கல் முடிந்ததும் 30 நாளுக்குள் ஓ.டி.பி. போட்டு உறுதி செய்ய மறக்க வேண்டாம். அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டுப் போடுங்கள்.